சிகாகோ 1983: ஒரு மேயர் வேட்பாளர் நகரத்திடம் வைத்த கணக்கு



தந்தை என். சிவராஜ் நினைவாகக் கூடியிருக்கிறோம். 1942 நாக்பூர் மாநாட்டின் தலைவராக, அண்ணல் அம்பேத்கரின் உடன் நின்றவராக, இந்தியக் குடியரசுக் கட்சியின் தலைவராக அவரை அறிவோம். 1945இல் அவர் சென்னையின் மேயராக இருந்தது நம் துண்டறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரித் தகவலாகவே வந்துபோகிறது. அவருக்கு முன் 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை அதே நாற்காலியில் அமர்ந்தார். முதல்வர் யார், அடுத்தவர் யார் என்று எண்ணிப் பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால், அந்த நாற்காலியில் அமர்பவர் நகரத்தில் எதை மாற்ற முடியும், எதை மாற்றப் போவதாகச் சொல்லி அமர வேண்டும் என்ற கேள்விகளை நாம் போதிய அளவு கேட்டதில்லை. அன்றைய சென்னையில் மேயரைக் கவுன்சிலர்கள் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் ஆணையர் கையில் இருந்தது. மக்கள் முன்னால் நின்று "இந்த நகரத்தை நான் இப்படி ஆக்குவேன்" என்று சொல்லும் வாய்ப்பே சிவராஜுக்கு வாய்க்கவில்லை.

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிடைத்த நகரம் சிகாகோ. ஆண்டு 1983. வேட்பாளர் ஹரால்டு வாஷிங்டன். அவர் நகரத்துக்கு முன்வைத்தது என்ன, அதை நிறைவேற்ற அவரை எது விட்டது, எது விடவில்லை என்பதே இந்த உரை.

சிகாகோ நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1972இல் மும்பையில் தலித் பாந்தர் இயக்கம் தோன்றியபோது பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தது. அந்தச் சிறுத்தைகளின் சிகாகோ தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன், 1969 டிசம்பர் 4 அதிகாலையில் காவல்துறையால் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. இறப்பதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கவனியுங்கள். கறுப்பின இளைஞர்கள், புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள், தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்கள் ஆகிய மூன்று கூட்டத்தையும் ஓரணியில் சேர்த்து அதற்கு 'வானவில் கூட்டணி' என்று பெயரிட்டிருந்தார். பதினான்கு ஆண்டு கழித்து வாஷிங்டன் வென்றது ஏறக்குறைய அதே கணக்கில்தான்.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1980 கணக்கெடுப்பில் சிகாகோவின் மக்கள்தொகை 30 லட்சம். சுமார் 40 விழுக்காடு கறுப்பினத்தவர். வெள்ளையர் அதைவிடச் சற்றே அதிகம். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 14 விழுக்காடு. 1955 முதல் 1976இல் இறக்கும்வரை ரிச்சர்டு ஜே. டேலி மேயராக இருந்தார். அவருடைய ஜனநாயகக் கட்சி அமைப்பை ஊரார் 'இயந்திரம்' என்றே அழைத்தார்கள். நம் ஊர் வட்டச் செயலாளரையும் பூத் பொறுப்பாளரையும் நினைத்துக்கொண்டால் அந்த இயந்திரம் புரியும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஓர் ஆள். அவருக்கு மாநகராட்சியில் ஒரு வேலை. தன் தெருவின் வாக்கைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அந்த வேலை அவருடையது. குப்பைத்தொட்டி வேண்டுமா, நடைபாதை வேண்டுமா, பையனுக்கு வேலை வேண்டுமா, அவரைப் பார்க்க வேண்டும். கறுப்பின வார்டுகளும் இந்த இயந்திரத்துக்குள்தான் இருந்தன. வாக்கு மலையாகப் போனது. திரும்பி வந்தது துளி.

அந்தப் பாகுபாடு கல்லிலும் சிமெண்டிலும் எழுதப்பட்டிருந்தது. தெற்குப் பகுதியில் ராபர்ட் டெய்லர் குடியிருப்பு என்ற பெயரில் 16 மாடிக் கட்டடங்கள் 28 வரிசையாக எழுந்து 1962இல் முடிந்தன. ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடுக்கப்பட்டன. பக்கத்திலேயே அகன்ற விரைவுச்சாலை போடப்பட்டது. கறுப்பினப் பள்ளிகள் பிதுங்கி வழிந்தபோது, பக்கத்து வெள்ளையர் பள்ளிகளில் காலி வகுப்பறை இருந்தும் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல், பள்ளி வளாகத்தில் தகர வண்டிகளை நிறுத்தி அவற்றை வகுப்பறை என்றார்கள். அதை எதிர்த்து 1963 அக்டோபரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளியைப் புறக்கணித்தார்கள். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் இதே நகரத்தில் வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனபோது கல்லடி பட்டார். கறுப்பினப் பகுதிப் பூங்காக்களைப் புறக்கணித்ததற்காக 1982இல் மத்திய நீதித்துறையே சிகாகோ பூங்கா நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது ஒரு பனிப்புயல். 1979 ஜனவரியில் வரலாறு காணாத பனி கொட்டியது. தெருக்கள் அடைபட்டன, ரயில் ஒன்றுதான் வழி. தொலைவில் இருப்பவர்களை விரைவாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி, நடுவிலிருந்த கறுப்பினப் பகுதி நிலையங்கள் சிலவற்றில் ரயிலை நிறுத்தாமல் ஓட்டினார்கள். நடைமேடையில் குளிரில் நின்றவர்கள், தங்கள் கண்முன்னே ரயில் கடந்து போவதைப் பார்த்தார்கள். நகர நிர்வாகம் ஒரு மனிதரை எப்படிக் கணக்கிலிருந்து விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் கறுப்பின வார்டுகள் அப்போதைய மேயரைக் கைவிட்டன. ஜேன் பைர்ன் மேயரானார்.

பைர்ன் ஒரு காரியம் செய்தார். 1981 வசந்தத்தில், கொலைகளுக்குப் பேர்போன கப்ரினி-கிரீன் குடியிருப்பில் ஒரு வீடெடுத்து மூன்று வாரம் அளவில் தங்கினார். நாடெங்கும் செய்தியானது. சேரியில் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. அடுத்த ஆண்டு, அதே குடியிருப்புகளை நிர்வகிக்கும் வீட்டுவசதி வாரியத்தில் கறுப்பின உறுப்பினர்களை விலக்கி வெள்ளையரை நியமித்தார். குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். முடிவெடுக்கும் மேசையில் பெரும்பான்மை வெள்ளையர். மக்கள் தங்கலை மறந்து நியமனத்தை நினைவில் வைத்தார்கள். 1982 கோடையில் மேயரின் செல்லத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள்.

வாஷிங்டனை நிற்கச் சொல்லிக் கேட்டபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1977இல் ஒருமுறை மேயர் தேர்தலில் நின்று சுமார் 11 விழுக்காடு வாக்கு மட்டுமே பெற்றவர். அந்தக் கசப்பு இருந்தது. அப்போது அவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். "முதலில் 50,000 புதிய வாக்காளர்களைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்" என்ற பொருளில் நிபந்தனை வைத்தார். தேவாலயங்களிலும் அரசு உதவித்தொகை அலுவலக வாசல்களிலும் மேசை போட்டு உட்கார்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவு செய்து வந்தார்கள். தலைவர் மக்களைத் தேடும் கதைகளையே நாம் அதிகம் எழுதுகிறோம். இங்கே மக்கள் தலைவரை வேலை வாங்கினார்கள். தலைவரும் மக்களை வேலை வாங்கினார்.

அவர் புனிதரும் அல்ல. அவருடைய தந்தையே இயந்திரத்தின் வாக்குச்சாவடிப் பொறுப்பாளர்; இவரும் அதே பள்ளியில் பாடம் கற்றவர். சில ஆண்டுகள் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யாததற்காக 1972இல் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். எதிரிகள் இதை விடவே இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வேட்பாளர் என்றால் மாசு மருவற்றவராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கும் உண்டு. மற்றவர்களுக்கு அந்தப் பரீட்சை வைக்கப்படுவதில்லை.

இனி, அவர் சொன்ன நகரம். 1983 ஜனவரியில் பைர்ன், டேலியின் மகன், வாஷிங்டன் மூவரும் நான்கு விவாதங்களில் மோதினார்கள். அதுவரை வாஷிங்டனைப் பொருட்படுத்தாத பலர், நகரத்தின் நிதிநிலையை விரல்நுனியில் வைத்துப் பேசிய அந்த மனிதரை அன்றுதான் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் மீதான காவல் வன்முறைக்குப் பொறுப்பாக்கி, காவல்துறைத் தலைவரை நீக்குவேன் என்று முதல் விவாதத்திலேயே அறிவித்தார். பேராசிரியர்களும் தெருவோரக் குடியிருப்புச் சங்கங்களில் வேலை செய்தவர்களும் சேர்ந்து வேலை, வீடு, நலவாழ்வு, குடியிருப்புப் பகுதிகள், பெண்கள் எனத் தலைப்புவாரியாகத் தயாரித்த கொள்கை அறிக்கை 'வாஷிங்டன் பேப்பர்ஸ்' என்ற பெயரில் அச்சானது.

அந்த நகரத்தில் வானளாவிய கோபுரம் இல்லை. 'உலகத்தரம்' என்ற சொல்லும் அதன் மையம் அல்ல. சுருக்கிச் சொன்னால் அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. மாநகராட்சி வேலை கட்சிக்காரருக்கான கூலியாக இருக்கக் கூடாது. கணக்குப் புத்தகம் மக்கள் முன் திறந்திருக்க வேண்டும். நகரமையத்தில் குவியும் பணம் வார்டுகளுக்குப் போக வேண்டும், எந்த வார்டுக்கு எவ்வளவு என்பதைக் கவுன்சிலரின் செல்வாக்கு தீர்மானிக்கக் கூடாது. மூன்றும் கட்டடம் பற்றியவை அல்ல, யார் முடிவெடுப்பது என்பது பற்றியவை. நகரத்தை அழகாக்குவேன் என்று எவரும் சொல்லலாம். யாருடைய தெருவிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்தான் வேட்பாளரின் நிறம் தெரியும்.

இங்கே ஒரு விவாதம் எழுந்தது. அது நம் விவாதமும்தான். வெற்றிக் கூட்டத்தில் பல கறுப்பின ஆதரவாளர்கள் "இனி நம் முறை" என்று உற்சாகமாகச் சொன்னார்கள். நூறாண்டுப் பசியின் குரல் அது. கேலி செய்ய ஒன்றுமில்லை. வாஷிங்டன் அதற்கு உடன்படவில்லை. தன் நிர்வாகத்தின் நியாயத்திலிருந்து யாரும் தப்ப முடியாது, தன்னை எதிர்த்து வாக்களித்த தெருவும் உட்பட என்பதே அவர் பல மேடைகளில் சொன்னதன் சாரம். இதைப் பெருந்தன்மை என்று வாசிப்பது எளிது. நான் அப்படி வாசிக்கவில்லை. முதலாவது, எளிய கணக்கு: 40 விழுக்காட்டினர் தனித்து நின்று ஒரு நகரத்தை ஆள முடியாது. இரண்டாவது இன்னும் ஆழமானது. பங்கீடு உண்மையிலேயே சமமாக நடந்தால், இதுவரை பட்டினி கிடந்த வார்டுக்கே அதிகம் கிடைக்கும். சலுகை கேட்டால் கொடுப்பவர் மேலே நிற்பார். சமபங்கு கேட்டால் கணக்கு பேசும்.

கட்சித் தேர்வில் வாஷிங்டன் 36 விழுக்காடு பெற்று வென்றார். மற்ற இருவரும் வெள்ளையர் வாக்கைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த நகரத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனாலே மேயர் ஆனது போலத்தான். இந்த முறை மட்டும் அந்த விதி செல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கட்சியின் வெள்ளைத் தலைவர்கள் பலர் எதிர்க்கட்சி வேட்பாளர் பெர்னார்டு எப்டன் பக்கம் நகர்ந்தார்கள். எப்டன் இனவெறியர் என்று அதுவரை பெயர் வாங்காதவர். அவருடைய விளம்பர முழக்கம், "காலம் கடப்பதற்கு முன்" என்று முடிந்தது. எதற்கு முன் என்று விளக்கத் தேவையே இருக்கவில்லை. குருத்தோலை ஞாயிறன்று வாஷிங்டன் ஒரு வெள்ளையர் பகுதிக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போனபோது, கதவில் இன இழிசொல் எழுதப்பட்டிருந்தது, கூட்டம் ஊளையிட்டது. கட்சி உறுப்பினர் அட்டையையும் கொள்கை அறிக்கையையும் விட நிறம் வலுவானது என்று அன்று நிரூபித்தார்கள். சாதி மாறி வாக்களிப்பதில்லை என்ற நம் ஊர் நியதி அமெரிக்க ஆங்கிலத்தில் ஒலித்த நாள் அது.

1983 ஏப்ரல் 12 அன்று பதிவான வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் வாக்களித்தார்கள். வாஷிங்டனுக்கு 51.7 விழுக்காடு, வித்தியாசம் சுமார் 48,000 வாக்கு. கறுப்பின வாக்கு ஏறத்தாழ முழுதாக வந்தது. லத்தீன் மக்களில் பெரும்பான்மையோர் வந்தார்கள். ஏரிக்கரையோரம் வாழ்ந்த தாராளவாத வெள்ளையரில் ஒரு பகுதி வந்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் தோல்விதான். அவருடைய பிரச்சாரப் பொத்தான் நீல நிறம், அதில் உதயக் கதிர்கள். நம் நீலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனம் ஒரு நொடி நிற்கத்தான் செய்கிறது.

வென்றபின் நடந்ததுதான் செயற்பாட்டாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. மாமன்றத்தில் 50 கவுன்சிலர்கள். எட்வர்டு விர்டோலியாக், எட்வர்டு பர்க் என்ற இருவர் தலைமையில் 29 பேர் முதல் கூட்டத்திலேயே அணி சேர்ந்து எல்லாக் குழுக்களையும் கைப்பற்றிக்கொண்டார்கள். மேயர் பக்கம் 21 பேர். மேயரின் மறுப்பாணையை முறியடிக்க 29 போதாது. மேயர் தன் தீர்மானத்தை நிறைவேற்ற 21 போதாது. மூன்றாண்டு இழுபறி. நியமனங்கள் கிடப்பில் போடப்பட்டன. பத்திரிகைகள் இதை 'மாமன்றப் போர்' என்றன. மேயருக்கு ஆளத் தெரியவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். வேட்பாளர் எவ்வளவு பெரிய கனவை வைத்தாலும், மாமன்றத்தில் 26 கை உயராவிட்டால் அது துண்டறிக்கையிலேயே நிற்கும்.

ஆனாலும் மாமன்றத்தின் கை எட்டாத இடங்களில் அவர் வேலை செய்தார். மேயர் ஆணை மூலம் நகர ஆவணங்களை மக்கள் பார்வைக்குத் திறந்தார். அரசியல் காரணத்துக்காக வேலை தருவதையும் பறிப்பதையும் தடுக்கும் நீதிமன்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மேயர் ஒருவர் தன் கையிலிருந்த மிகப் பெரிய ஆயுதத்தைத் தானே கீழே வைத்தது அது. மாநகராட்சி ஊழியர்கள் சங்கம் வழியாகக் கூட்டுப்பேரம் பேசும் உரிமை அவர் காலத்தில் விரிந்தது. 1985இல், நகர ஒப்பந்தங்களில் 25 விழுக்காடு சிறுபான்மை இனத்தவர் நிறுவனங்களுக்கும் 5 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களுக்கும் போக வேண்டும் என்று ஆணையிட்டார். எல்லா வார்டுகளிலும் தெருவும் சாக்கடையும் சீரமைக்கக் கடன்பத்திரம் வெளியிட முனைந்தபோது எதிரணி தடுத்தது. அவர் எதிரணிக் கவுன்சிலர்களின் வார்டுகளுக்கே போனார். உங்கள் தெருவுக்கு வர வேண்டிய பணத்தை உங்கள் கவுன்சிலரே நிறுத்திவைத்திருக்கிறார் என்று வெள்ளையர் பகுதி மக்களிடம் சொன்னார். நியாயம் எல்லோருக்கும் என்ற வாக்குறுதி அங்கே தந்திரமாகவும் வேலை செய்தது, தடை உடைந்தது.

மாமன்றக் கணக்கை மாற்றியது நீதிமன்றம். 1981இல் வரையப்பட்ட வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீன் வாக்குகளைச் சிதறடித்தன என்று ஏற்கப்பட்டு, 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. 25க்கு 25 ஆனது. சமநிலையில் தீர்க்கும் வாக்கு மேயருடையது. உண்மையில் வாஷிங்டன் ஆண்டது அதற்குப் பிந்தைய ஒன்றரை ஆண்டு மட்டுமே. 1987 ஏப்ரலில் மீண்டும் வென்றார். நவம்பர் 25 அன்று, தன் அலுவலக மேசையிலேயே மாரடைப்பில் இறந்தார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ராபர்ட் டெய்லர் குடியிருப்பும் கப்ரினி-கிரீனும் அவர் காலத்தில் சீராகவில்லை. பள்ளிகள் தேறவில்லை. வார்டுக்கு வார்டு சமமாகக் கொடுப்பது, முப்பது ஆண்டுப் பறிப்பை ஈடுசெய்யாது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அதற்கான பலம் அவரிடம் கடைசிவரை சேரவில்லை. இன்னொரு குறை, அணி அவர் ஒருவர்மீது சாய்ந்திருந்தது. அவர் இறந்த ஒரு வாரத்தில், வெளியே ஆயிரக்கணக்கானோர் முழக்கமிட, மாமன்றம் விடியவிடியக் கூடி யூஜின் சாயரை மேயராக்கியது. அவரும் கறுப்பினத்தவர்தான், ஆனால் அவரைத் தூக்கிவைத்த கைகளில் பெரும்பாலானவை பழைய எதிரணியின் கைகள். நம்மவர் ஒருவரை வைத்தே நம் அரசியலை முறியடிப்பது எப்படி என்பதற்கு இது பாடநூல். 1989இல் டேலியின் மகன் மேயரானார், 2011வரை இருந்தார்.

நம் நிலைமைக்கு வருகிறேன். சென்னையில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா அப்பதவிக்கு வந்த முதல் தலித் பெண்ணானார். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் அதற்குப் பின்னாலிருந்த நீண்ட போராட்டமும் தந்த இடம் அது. ஆனால், மறைமுகத் தேர்தலில் மேயர் வேட்பாளர் என்று ஒருவர் மக்கள் முன் வருவதே இல்லை. வாக்களிக்கும்போது மேயர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது. 200 வார்டுகளில் 200 கவுன்சிலர் வேட்பாளர்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவார்கள். நகரத்தைப் பற்றி யாரும் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதில்லை. எழுதித் தராத ஒன்றை நிறைவேற்றவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? நிர்வாக அதிகாரமோ சிவராஜ் காலத்தைப் போலவே அரசு நியமிக்கும் ஆணையரிடம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. உள்ளே மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண், வெளியே நடைபாதையில் தலித் பெண்கள். இதைத் தனிநபர்மீதான குற்றச்சாட்டாக நான் வைக்கவில்லை. நாற்காலி ஒதுக்கப்பட்டது, முடிவெடுக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே அந்தக் காட்சியின் பொருள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகர்த்தப்பட்டதும் அப்படித்தான். எந்த மேயர் வேட்பாளரும் "உங்களைக் கூவத்தோரத்திலிருந்து நகருக்கு வெளியே கொண்டுபோய்விடுவேன்" என்று சொல்லி வாக்குக் கேட்டதில்லை.

மேயர் வேட்பாளர் வந்து கனவைச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சிகாகோவில் கணக்கைத் தயாரித்தவர்கள் வேட்பாளருக்கு முன்பே தெருவில் இருந்தவர்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தல் வருவதற்குள் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா ஆகியவற்றுக்கு வார்டுவாரியாகச் செலவான தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். வார்டு குழுவும் பகுதி சபையும் எத்தனை முறை கூடின, தீர்மான நகல் எங்கே என்று கேளுங்கள். பதிலை நகர வரைபடத்தின்மேல் வார்டு வார்டாக வண்ணமிட்டு, பக்கத்தில் அந்த வார்டின் பட்டியல் சாதி மக்கள்தொகை விழுக்காட்டை எழுதி, கவுன்சிலர் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும் மாலையில் தெருமுனையில் மாட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.